ஷெல்லியின் பதினெட்டுப் பக்கப் புகார்

ரொட்டித் தொழிற்சாலையின் பின்வாசலில், மதிய இடைவேளையில், ஷெல்லியின் போன் அடித்தது. நகர மன்றத்தின் புகார்ப் பிரிவு. இந்த ஓர் அழைப்புக்காகத்தான் அவள் தவம் கிடந்தாள்.

தன் ஆறு வயது மகள் ஐரிஸை நகர மன்றத்தின் பராமரிப்பில் விடும்படி தீர்ப்பு வந்த அன்றே எழுத உட்கார்ந்தவள், பத்து நாள் அடித்தடித்து எழுதிப் பதினெட்டுப் பக்கம் அனுப்பியிருந்தாள். எல்லாம் மிஸ் ஹாலம் என்ற மன்றத்துச் சமூகப் பணியாளர்மீது. வழக்கு நடந்தபோதே மன்றத்தின் பொறுப்பில் இருந்த மகளை, பிப்ரவரியில் மூன்று முறை தாய் பார்க்க வரவில்லை என்று அந்த மகராசி கூசாமல் அறிக்கை எழுதியிருந்தாள். மூன்றும் பனியில் பஸ் ஓடாத நாட்கள். வர முடியவில்லை என்று ஷெல்லி அப்போதே அவளுக்குப் போனில் செய்தி அனுப்பியிருந்தாள்.

"பெல்லமி பேசறேம்மா. உங்க புகாரை முழுசா படிச்சேன். ரெண்டு தடவை."

"அப்ப அவளை விசாரிப்பீங்கல்ல?"

"முடியாதும்மா. அந்த அறிக்கை கோர்ட்டுக்குப் போயிருச்சு, அதைப் பார்த்து ஜட்ஜ் முடிவும் சொல்லிட்டார். கோர்ட் முடிவு பண்ணினதை நாங்க தொடக் கூடாது. எங்களுக்கு மேல இருக்கறவங்களும் இதையேதான் சொல்வாங்க."

"உங்க ஆளை நீங்க விட்டுக்குடுப்பீங்களா என்ன. இதைச் சொல்லவா இத்தனை நாளு?"

"திட்டுங்க, பரவாயில்ல. போனை மட்டும் வெச்சிடாதீங்க. தீர்ப்பு நாலாம் தேதிதானே? இன்னிக்கு இருபத்தஞ்சு. மேல்முறையீட்டுக்கு இருபத்தோரு நாள்தான் டயம். சட்டம் பேசற வேலை என்னோடது இல்ல. ஆனா தேதி எண்ணிச் சொல்றதை யாரும் தடுக்க முடியாது. கோர்ட் ஆபீஸ் நாலு மணிக்கு மூடிருவாங்க."

ஷெல்லி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்; இன்றுதான் கடைசி நாள். புகார் போய்ச் சேர்ந்துவிட்டால் மற்றதெல்லாம் காத்திருக்கும் என்றே நம்பியிருந்தாள். அன்று நீதிமன்றப் படிக்கட்டில் வக்கீல் என்னவோ நாள் கணக்கு சொன்னார். அழுதுகொண்டிருந்தவள் காதில் அது எங்கே ஏறியது?

விஷயத்தைச் சொன்னதும் மேற்பார்வையாளர் ட்ரிஷ் அவள் முகத்தைப் பார்த்தாள். "கிளம்புடி, மிச்சத்தை நான் பாத்துக்கறேன். அந்த வலைத்தொப்பியைக் கழட்டிட்டுப் போ, ரொட்டி விக்க வந்திருக்கேன்னு நெனைச்சுக்கப் போறாங்க."

முதல் பஸ் கண்ணெதிரே போயிற்று. அடுத்ததற்கு நாற்பது நிமிடம். வந்ததும் ஊர்ந்தது, ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாராவது சாவகாசமாக இறங்கினார்கள். அவர்களை ஒவ்வொருவராக மனத்துக்குள் சபித்தபடி வந்தாள். நீதிமன்ற அலுவலகத்தில் அவளுக்குப் படிவம் கிடைத்தபோது மணி மூன்று இருபத்தைந்து.

பெயர், தேதி, வழக்கு எண். அதையெல்லாம் நிரப்பிவிட்டாள். அடுத்து ஒரு பெரிய கட்டம்: நீதிபதியின் தீர்ப்பில் என்ன தவறு?

பையிலிருந்த புகாரின் நகலை எடுத்துப் புரட்டினாள். ஹாலம், ஹாலம், எல்லாப் பக்கத்திலும் ஹாலம். நீதிபதியைப் பற்றி ஒரே வரி இருந்தது: அவர் நல்ல மனிதர், அவரை ஏமாற்றிவிட்டார்கள்.

உண்மையிலேயே நல்ல மனிதர்தான். அவள் விம்மியபோது விசாரணையை நிறுத்தி அவளுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அந்த அறையில் அவளை மனுஷியாக நடத்தியது அவர் ஒருவர்தான். அவள் போனை நீட்டி, பனி நாளில் அனுப்பிய செய்திகளைக் காட்டப் போனபோதுகூட, "புரியுதும்மா, சிரமப்படாதீங்க, உக்காருங்க" என்றார் கனிவாக. அவளும் நன்றி சொல்லி உட்கார்ந்தாள்.

போனை அவர் கையில் வாங்கவே இல்லை.

இத்தனை நாளும் அது அவளுக்கு உறைக்கவில்லை. மகளைத் தன்னிடமிருந்து பிரித்தது அந்தக் கனிவான குரல்தான் என்பது இப்போதுதான் புரிந்தது. அவமானமாக இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

"இன்னும் பத்து நிமிஷந்தாம்மா," என்றாள் குமாஸ்தா.

பதினெட்டுப் பக்கத்தையும் ஷெல்லி தரையில் வைத்தாள். கட்டத்தில் எழுதினாள்: "நான் வரமுடியாத காரணத்தை அன்றன்றே தெரிவித்ததற்கு என் போனில் ஆதாரம் இருந்தது. நீட்டினேன். நீதிபதி பார்க்கவில்லை."