கட்டிலுக்கு அடியில் எல்லைக்கல்

1

மார்ச் ஒன்பதாம் தேதி, புதன்கிழமை, காலை ஏழே கால் மணிக்கு, இரண்டு மாவட்டங்கள் சந்திக்கும் நெடுஞ்சாலை ஓரத்தில், சக்கரங்கள் கழற்றப்பட்ட பழைய பேருந்தின் முன்படியில், அறுபத்தெட்டு வயதுப் பெண் ஒருவர் உட்கார்ந்தபடியே இறந்திருந்தார். மடியில் ஒட்டுப் போட்டு முடித்த டியூப் இருந்தது.

இந்தத் தகவலைத் தேடி நான் போகவில்லை. மழையளவு பற்றிய ஒரு கட்டுரைக்காக ஒரு வாரப் பத்திரிகையின் பழைய தொகுதிகளை நூலகத்தில் கேட்டேன். வேறொரு வருடத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். திருப்பிக் கொடுக்கச் சோம்பல்பட்டுப் புரட்டியதில் ஏழாம் பக்கம் கண்ணில் பட்டது. பத்திரிகை வெளிவந்த மாவட்டத்தாரில் இறந்தவர்களுக்கான பக்கம் அது. ஆளுக்குப் பன்னிரண்டு வரி, வாரத்துக்கு எட்டு ஒன்பது பேர். பண்ணையாருக்கும் பன்னிரண்டுதான், பால் கறப்பவருக்கும் பன்னிரண்டுதான். ஒரே ஒரு வாரம் மட்டும் பக்கம் முழுக்க ஒரே ஆள். கீழே கட்டம் கட்டிய ஓர் அறிவிப்பு.

மழையளவுக் கட்டுரை இன்னும் எழுதப்படவில்லை.

2

இந்தக் கதைக்கு நான் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

“மரணம் என்பது எல்லோருக்கும்” (இப்படித் தொடங்கும் எதையும் நானே படிப்பதில்லை. உங்களை மட்டும் எப்படிப் படிக்கச் சொல்வது?)

“அவர் மிகவும் நல்லவர்.” (ஏழாம் பக்கத்தில் இருபது வருடமாக யாருமே கெட்டவராக இறக்கவில்லை. இந்த வாக்கியத்துக்கு அங்கே மதிப்பில்லை.)

“அந்தப் பேருந்தின் மேல் மாலை வெயில்” (காலை ஏழே காலுக்கு ஏது மாலை வெயில்?)

ஆகவே தொலைபேசியிலிருந்து தொடங்குகிறேன்.

3

ஏழாம் பக்கத்தை எழுதியவர் ஒரு பெண். வேலைக்குச் சேர்ந்தபோது முப்பது வயது. ஊரில் அவருடைய சொந்தப் பெயர் வழக்கொழிந்து ‘ஏழாம் பக்கம்’ என்பதே பெயராகிவிட்டது. காய்ச்சலாகக் கிடப்பவரை அவர் பார்க்கப் போனால், “ஐயையோ, ஏழாம் பக்கம் வருது, எழுந்து உக்காரு” என்று வீட்டார் சிரிப்பார்கள். நோயாளி நிஜமாகவே எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

அவர் சேர்ந்த நான்காவது வாரம், வெள்ளிக்கிழமை காலை, பத்திரிகை கடைக்குப் போன ஒரு மணி நேரத்தில் அலுவலகத் தொலைபேசி அடித்தது.

“ஏம்மா, செத்தவங்களைப் பத்தி எழுதற பொண்ணு நீதானா?”

“ஆமாங்க. நீங்க யாரு?”

“எல்லையில பஞ்சர் ஒட்டறவ. மரம் அறுக்கறவரை ‘அமைதியானவர்’னு போட்டிருக்கியே, யாரு சொன்னது?”

“அவரு பொண்ணு சொல்லுச்சு.”

“அது கல்யாணமாகி வெளியூர் போயே இருபது வருஷமாச்சு. ஒரு டயரைக் கழட்டி மாட்டறதுக்குள்ள மூணு பேரோட சண்டை போடுவாரு அந்த மனுஷன். அப்புறம் அந்த மூணு பேருக்கும் அவரே டீ வாங்கிக் குடுப்பாரு. அதை எழுதறதை விட்டுட்டு, அமைதியாம்!”

ஏழாம் பக்கத்துக்கு முதலில் கோபம்தான் வந்தது. மதியத்துக்குள் அது வெட்கமாக மாறிற்று. மூன்று சண்டையும் மூன்று டீயும் எவ்வளவு நல்ல வரி! கைக்கு எட்டாமல் போய்விட்டதே!

அடுத்த வாரத்திலிருந்து அச்சுக்குப் போகுமுன் புதன்கிழமை சாயங்காலம் அவரே எல்லைக்குத் தொலைபேசியில் பேசினார். பத்தொன்பது வருடம் பேசினார். சாலையில் போகும் எல்லோரும் அழைப்பது போல அவரும் ‘அத்தை’ என்றார். ஒரு மனிதன் தன் வண்டிச் சக்கரம் கழற்றப்பட்டு நிற்கும் இருபது நிமிடத்தில் பேசுவது போல வேறெங்கும் பேசுவதில்லை.* தபால்காரர் கடிதங்களைப் படித்துப் பார்ப்பார், ஆனால் சோகமான கடிதத்தை மழை நாளில் கொடுக்கமாட்டார் என்பது அத்தை சொன்னது. பள்ளித் தலைமையாசிரியைக்குக் கணக்கு வராது, அதனால்தான் கணக்கு வராத பிள்ளைகளை அடிக்கவிடமாட்டார் என்பதும் அத்தை சொன்னதுதான். மாவட்டமே வெட்டி ஒட்டி வைத்துக்கொண்ட வரிகள் இவை. எழுதியவர் ஏழாம் பக்கம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

(* இதைச் சோதித்துப் பார்த்தேன். என் வண்டிக்கு ஒட்டுப் போட்டவரிடம், என் மனைவிக்கே தெரியாத இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.)

4

இப்போது பத்திரிகை முதலாளி. முதல் வரைவில் அவரை வில்லனாக எழுதினேன். தடித்த விரல், மோதிரம், மேசைமேல் குத்து. எழுதி முடித்துப் படித்தபோது ஒன்று உறைத்தது: வில்லன் வந்ததும் எனக்கு வேலை குறைந்துவிட்டது. அப்படிக் குறைந்தால் எங்கோ பொய் இருக்கிறது என்று அர்த்தம். மோதிரத்தைக் கழற்றிவிட்டேன்.

அவர் நேர்மையான ஆள், அதுதான் சிக்கல். பத்திரிகையைத் தொடங்கிய அவருடைய தகப்பனார் ஏழாம் பக்கத்துக்கு ஒரே ஒரு விதி எழுதி வைத்திருந்தார்: “இம்மாவட்டத்தில் உறங்கியவரே இம்மாவட்டத்தார்.” இரவில் படுத்துத் தூங்கும் இடம்தான் கணக்கு, இறந்த இடம் செல்லாது. பெரிய ஆஸ்பத்திரி இங்கே இருந்ததால் சுற்றியுள்ள நாலு மாவட்டத்தாரும் இங்கே வந்துதான் இறந்தார்கள். பிறந்த இடமும் செல்லாது. நகரத்தில் போய்ச் சம்பாதித்துவிட்டு இறந்த பிறகு மட்டும் ஊர்க்காரராக ஆசைப்படும் பெரிய மனிதர்களுக்காகவே எழுதப்பட்ட விதி அது. போன வருடம் முதலாளி தன் சொந்த மைத்துனருக்கே இடம் தரவில்லை. அதற்காக மனைவி ஒரு மாதம் முதலாளியோடு பேசவில்லை.

புதன்கிழமை மதியம் ஏழாம் பக்கம் அவர் அறைக்குள் போனார்.

“சார், அத்தை போயிட்டாங்க.”

“கேள்விப்பட்டேம்மா. என் வண்டிக்கே எத்தனை தடவை ஒட்டியிருக்காங்க. மனசே சரியில்ல.”

“இந்த வாரம் போடறேன்.”

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். “அந்த பஸ் எல்லைக்கல்லு மேல நிக்குது. கட்டில் எந்தப் பக்கம்?”

“சார், இருபத்தாறு வருஷமா அங்க இருந்தவங்க.”

“இருந்தாங்க, இல்லைங்கல. தூங்கினது எங்க? என் மச்சானுக்கு ஒரு நியாயம், அத்தைக்கு ஒரு நியாயமா?”

ஏழாம் பக்கம் வெளியே வந்து பக்கத்து மாவட்டப் பத்திரிகைக்குப் பேசினார். “கட்டில் உங்க பக்கம்னுல்ல கேள்விப்பட்டோம்” என்றார்கள் அங்கே. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. இரண்டு மாவட்டத்துக்கும் டயர் ஒட்டிய ஒருத்தி, இரண்டிலும் இல்லாதவளாகப் போகப் போகிறாள். வியாழன் மாலை நான்கு மணிக்கு அச்சு. அதற்குள் முதலாளி மறுத்தால் மறுத்ததுதான்.

(இந்த இடத்தில் “அவர் கண்களில் நீர்” என்று தொடங்கி நிறுத்திவிட்டேன். அவர் அழவில்லை. வட்டாட்சியர் அலுவலகத்தில் ஓய்வு பெற்ற சர்வேயரின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்.)

5

வியாழக்கிழமை காலை பேருந்துக்குள் மூன்று பேர் இருந்தார்கள். தரையில் மண்டியிட்டிருந்த சர்வேயர், கதவருகே முதலாளி, இருவருக்கும் நடுவில் ஏழாம் பக்கம். வெளியே ஆள் சேர்ந்துவிட்டது. லாரிகள் சாலையோரம் வரிசை கட்டி நின்றன. அங்கே பஞ்சர் ஆகாமல் வண்டிகள் நின்றது அதுதான் முதல் தடவை.

எல்லைக்கல் கட்டிலுக்கு நேர் அடியில் இருந்தது. பேருந்தின் தரைத்தகட்டில் ஒரு ஓட்டை. அதற்குள் நூலில் கட்டிய தூக்குக்குண்டை இறக்கிச் சர்வேயர் அளந்தார். கட்டில் ஆறடி.

“தலைமாடு மூணடி ரெண்டங்குலம் அந்தப் பக்கம்” என்றார் சர்வேயர். “கால்மாடு ரெண்டடி பத்தங்குலம் நம்ம பக்கம்.”

“நாலு அங்குலத்துல போச்சா?” என்றது ஜன்னலுக்கு வெளியே ஒரு குரல்.

“இடுப்பு எந்தப் பக்கம் சார்?”

“யோவ், இடுப்பை வெச்சா மாவட்டம் பிரிப்பாங்க?”

“தலையணை எந்தப் பக்கம் வெச்சாங்கன்னு யாருக்குத் தெரியும்? கோடையில ஜன்னல் பக்கம் தலை வெச்சிருப்பாங்க!”

“நீ பாத்தியா?”

“நான் எப்படிப் பாப்பேன்? செருப்படி வாங்கவா?”

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. முதலாளியும் சிரித்தார். ஆனால் தலையை ஆட்டிவிட்டார். “தலை அங்க இருக்கும்மா. நான் என்ன பண்ணட்டும்? எங்கப்பா எழுதினது.”

ஏழாம் பக்கம் கைப்பையிலிருந்து அலுவலகச் சாவியை எடுத்து அவரிடம் நீட்டினார். “அப்போ ஏழாம் பக்கத்தை வேற யாரையாவது வெச்சு எழுதிக்குங்க சார். எனக்கு இனிமே அதை எழுத வராது. எழுதினது பாதி இவங்கதான்.”

6

இங்கே ஒருவர் ஒரு வாக்கியம் சொல்கிறார். அது யார் என்பதுதான் இந்தக் கதையில் எனக்குத் தெரியாத ஒரே விஷயம். மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

அ) பால் வண்டி ஓட்டுநர். விடியற்காலை மூன்றரைக்கு எல்லையைக் கடப்பவர். சுருக்கமாகப் பேசுவார். பொருத்தமான ஆள். கொஞ்சம் அதிகமாகவே பொருந்துகிறார்.

ஆ) சர்வேயர். டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொல்கிறார். இது எனக்குப் பிடித்தது. அளந்து முடித்தவரே அளவை உடைப்பது அழகு. ஆனால் முப்பது வருடம் அளவுச் சங்கிலி பிடித்தவர் அப்படிச் செய்வாரா?

இ) முதலாளியே. சாவியைக் கையில் வாங்காமல், தன் வண்டி இங்கே நின்ற நேரங்களையெல்லாம் நினைத்துப் பார்த்துவிட்டு. (இதை எழுதியதும் மனைவியைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். அதனாலேயே இதை நம்பவில்லை.)

உங்களுக்கு வேண்டியவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். அவர் சொன்னது இது:

“அத்தை தூங்கி நீங்க யாராவது பாத்திருக்கீங்களா?”

பேருந்துக்குள்ளும் வெளியிலும் எல்லோரும் யோசித்தார்கள். லாரி ஓட்டுநர்கள், சந்தைக்குக் காய்கறி ஏற்றுபவர்கள், ஆம்புலன்ஸ்காரர், ஷிப்ட் முடிந்து வரும் நர்ஸ். ஒருவர் இரண்டு மணிக்கு வந்திருக்கிறார், ஒருவர் நான்கு மணிக்கு, ஒருவர் பேய்மழையில். ஹாரன் அடிக்க வேண்டியிருந்ததாக யாருக்கும் நினைவில்லை. வண்டி சாலையிலிருந்து இறங்கும்போதே விளக்கு எரியும், ஜாக்கி கையில் இருக்கும்.

“நான் பாத்ததில்லப்பா.”

“நானும்தான்.”

“எப்ப வந்தாலும், ‘என்னடா, மறுபடியும் பின்சக்கரமா?’ம்பாங்க.”

ஏழாம் பக்கம் சர்வேயரைப் பார்த்தார். பத்தொன்பது வருடம் பிறர் வாழ்க்கையைப் பன்னிரண்டு வரிக்குள் மடக்கிய தலை அவருடையது. எந்த வார்த்தையை எடுத்தால் வாக்கியம் நிமிரும் என்று அதற்குத் தெரியும்.

“ஐயா, கம்ப்ரசர் எந்தப் பக்கம்?”

சர்வேயர் வெளியே ஓடினார். ஆமாம், ஓடினார். அறுபத்திரண்டு வயதில். கம்ப்ரசர், டியூபை முக்கிப் பார்க்கும் தண்ணீர்த் தொட்டி, ஒட்டுப் போடும் மேசை, அத்தை கடைசியாக உட்கார்ந்திருந்த முன்படி எல்லாவற்றையும் அளந்தார். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க நான்கு பேர் போட்டி போட்டார்கள்.

“அத்தனையும் நம்ம பக்கம்!” என்று கத்தினார். “கல்லுலேர்ந்து ஒம்பதடிக்கு மேல!”

சாலையில் முதல் லாரி ஹாரன் அடித்தது. பிறகு வரிசை முழுக்க அடித்தது. பக்கத்து மாவட்டத்து லாரிகளும் சேர்ந்தே அடித்தன.

முதலாளி படியில் உட்கார்ந்து தகப்பனாரின் நோட்டைப் பிரித்தார். கூடவே கொண்டு வந்திருந்தார். ஏழாம் பக்கம் பேனாவைக் கொடுத்தார்.

“அப்பா எழுத்துல கை வைக்கறேனேம்மா.”

“ஒரே வார்த்தை சார்.”

அவர் ‘உறங்கியவரே’ என்பதை அடித்தார். மேலே ‘விழித்திருந்தவரே’ என்று எழுதினார். பிறகு மணியைப் பார்த்தார். “அச்சுக்கு மூணு மணி நேரம் இருக்கு. பன்னிரண்டு வரி போதுமா உங்களுக்கு?”

“போதாது.”

“எனக்கும் அப்படித்தான் தோணுது. இந்த வாரத்து மத்தவங்க குடும்பத்துக்கெல்லாம் நான் பேசறேன். அடுத்த வாரம் போட்டுக்கலாம்னா யாரும் வேணாம்னு சொல்லமாட்டாங்க. அத்தை யாருன்னு எல்லாருக்கும் தெரியும்.”

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

7

இந்தக் கதைக்கு ஒரு முடிவு வேண்டும் என்று போன மாதம் ஏழாம் பக்கத்தைத் தேடிப் போனேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். மகன் வீட்டில் இருக்கிறார், கண் நன்றாகத் தெரிகிறது. என் வரைவை வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டு பென்சிலோடு படித்தார்.

“அந்தக் கேள்வியைக் கேட்டது யாருங்க?” என்றேன்.

“யாரு கேட்டா என்ன தம்பி? கேட்டாங்க, அச்சுல வந்துச்சு.”

“கதைக்குத் தேவைப்படுது.”

“கதைக்கா, உங்களுக்கா?” என்றார். பிறகு என் ஐந்தாம் பகுதியில் பென்சிலால் தட்டினார். “இங்க நான் சாவியைக் குடுத்தேன்னு எழுதியிருக்கீங்க. சாவியெல்லாம் குடுக்கல. சாவியைத் தூக்கி எறிஞ்சேன். அவரு நெத்தியில பட்டுச்சு.”

“மாத்திடறேன்.”

“வேணாம், இருக்கட்டும். படிக்கறவங்க என்னை நல்லவள்னு நினைச்சுக்கிட்டுப் போகட்டும்.”

மாற்றவில்லை. கேள்வி கேட்டவரையும் நிரப்பவில்லை. மேலே அ, ஆ, இ அப்படியே இருக்கின்றன. உங்களிடம் வேறொரு ஆள் இருந்தால் ஈ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பேருந்துப் படியில் நீங்களே நின்றதாக வைத்துக்கொண்டாலும் கணக்குத் தப்பாது, அன்று கூட்டம் அவ்வளவு இருந்தது. தொகுதியில் அச்சாகி இருப்பதை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன்.

மார்ச் பதினொன்றாம் தேதி ஏழாம் பக்கத்தில் ஒருவரைப் பற்றி மட்டும் நூற்று நான்கு வரிகள் வெளியாயின. கீழே கட்டத்துக்குள் திருத்திய விதி இருந்தது. அடுத்த பன்னிரண்டு மாதங்களில், இரவுக் காவலர்கள், நர்ஸுகள், சாலைப் பணியாளர்கள் என, இந்த மாவட்டத்தில் வீடு இல்லாமல் இங்கே விழித்திருந்து வேலை பார்த்த நாற்பத்தொரு பேர் அந்தப் பக்கத்தில் இடம்பெற்றார்கள். இடம் போதாமல் அது எட்டாம் பக்கத்துக்கும் நீட்டிக்கப்பட்டது.