பதினோரு வெள்ளைப் புள்ளிகள்

எங்கள் சபையில் மன்னிப்பு என்று யாராவது வாயைத் திறந்தால் எல்லாத் தலையும் என் பக்கம்தான் திரும்பும். சொந்தத் தங்கை செய்த தப்பை, அவள் மன்னிப்புக் கேட்காமலேயே மன்னித்தவள் என்று பெயர் எடுத்தவள் நான். அந்தப் பெயரை நான்கு வருடமாகக் கட்டிக் காத்து வந்தேன். பொய் சொல்வானேன், எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

தங்கை ஞாயிறுதோறும் வருவாள். கடைசி பெஞ்சில் உட்காருவாள். ஆராதனை முடிந்து வாசலில் எதிர்ப்பட்டால் "ஸ்தோத்திரம்" என்பாள். நானும் "ஸ்தோத்திரம்" என்பேன். எங்கள் சபையில் பார்த்ததும் சொல்லிக்கொள்ளும் வார்த்தை அது. நான்கு வருடமாக எங்களுக்குள் நடந்த பேச்சு அந்த ஒற்றை வார்த்தைதான். அதற்குள் எவ்வளவு வைத்துப் பேசலாம் என்பது சண்டை போட்டவர்களுக்குத்தான் தெரியும். வெடுக்கென்று சொன்னால் 'வழியை விடு' என்று அர்த்தம். இழுத்துச் சொன்னால் 'புதுச் செருப்பா, நடத்து நடத்து' என்று அர்த்தம். அவள் அப்படியெல்லாம் சொல்ல மாட்டாள். ரசீது கொடுக்கிற மாதிரி எப்போதும் ஒரே மாதிரிதான் சொல்வாள்.

முன்பெல்லாம் வாய்க்கு வாய் "அக்கா, அக்கா" என்று என் உயிரை எடுத்தவள் அவள். அந்த 'அக்கா'வை மறுபடி ஒரு தரம் கேட்க மாட்டோமா என்று எனக்கு ஏக்கமாக இருந்தது. ஆனாலும் முதலில் அவள் வந்து மன்னிப்புக் கேட்கட்டும் என்று வீம்பாக இருந்தேன். பெரியவள் நான்தானே?

நடந்தது இதுதான். நானும் அவளும் சேர்ந்து ஒரு லாண்டரி நடத்தினோம். கடையில் இரண்டு இஸ்திரிப் பெட்டி. ஒன்று பழைய கனமான பெட்டி, அவளுடையது. தண்ணீரைக் கையால் தெளித்துத் தேய்ப்பாள். இன்னொன்று புதிய ஸ்டீம் பெட்டி, என்னுடையது. அதை வேறு யாரும் தொடக்கூடாது என்பது நான் போட்ட சட்டம். சபையில் அப்பமும் திராட்சை ரசமும் வைக்கிற திருவிருந்து மேசையின் விரிப்பு எங்கள் கடைக்குத்தான் வரும். வெள்ளை வெளேர் என்று இருக்கும், ஓரமெல்லாம் கையால் பின்னிய லேஸ். அதை வெளுத்துத் தேய்த்துக் கொடுப்பது என் தங்கையின் ஊழியம். ஒரு பைசா வாங்க மாட்டாள். அந்த விரிப்பு வருகிற அன்று இரண்டு தரம் கை கழுவுவாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், நான் பின்னறையில் ஃபோனில் ஒரு சகோதரியோடு ஜெபித்துக்கொண்டிருந்தேன். கருகல் நாற்றம் வந்தது. ஓடிவந்து பார்த்தால் விரிப்பின் மேல் பழுப்பாகப் பெட்டியின் அச்சு. பக்கத்தில் தங்கை, உள்ளங்கையை வாயருகே வைத்து ஊதிக்கொண்டு நிற்கிறாள்.

"அடிப்பாவி, என்னடி பண்ணி வெச்சிருக்க!"

"நான் இல்லக்கா. நான் டெலிவரி குடுத்துட்டு இப்பத்தான் உள்ள வந்தேன்."

"கை சுட்டுக்கிட்டு நிக்கிற, நான் இல்லேங்கிற. பொய் சொல்லாதே. ஆண்டவர் பாத்துக்கிட்டு இருக்காரு."

அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை.

கருகிய பக்கம் உள்ளே போகும்படி விரிப்பைச் சுருட்டி அலமாரிக்கு அடியில் போட்டேன். மறுநாள் ஆராதனையில் மைக்கைப் பிடித்தேன். "ஆண்டவரே, உம்முடைய மேசை விரிப்பைக் கருக்கிவிட்டு, அதை ஒத்துக்கொள்ளவும் மனம் வராத என் தங்கையை நான் மன்னிக்கிறேன், நீரும் மன்னியும்" என்று கண்ணீரோடு ஜெபித்தேன். வெளியே நின்று இதைச் சொன்னால் புறணி. கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் ஜெபம். இது எங்கள் சபையில் எல்லாருக்கும் தெரிந்த வசதி. ஆமென் அன்று பலமாகவே விழுந்தது.

திங்கட்கிழமை தங்கை கடைக்கு வரவில்லை. ஓர் ஆஸ்பத்திரி லாண்டரியில் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். விரிப்பைத் தேய்க்கும் ஊழியமும் வேறு கைக்குப் போனது. எனக்குச் சங்கடமாக இருந்தபோதெல்லாம் அவளை இன்னொரு தரம் மன்னித்தேன்.

போன மாதம் மன்னிப்பு ஞாயிறு என்று ஒன்று வைத்தார் பாஸ்டர்.

"நீங்கதான் சாட்சி சொல்லணும் சிஸ்டர். அந்த விரிப்பு இன்னும் இருக்கா?"

"இருக்கு பாஸ்டர்."

"அதைக் கொண்டுவந்து காட்டுங்க. ஜனங்க மனசுல பச்சக்குனு பதியும்."

அலமாரியிலிருந்து எடுத்தேன், பையில் போட்டேன். பிரித்துப் பார்க்கவில்லை. என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

பேச்சு நன்றாகவே போனது. முன்வரிசையில் இருந்த பாடகர் குழுத் தலைவி அதற்குள் கைக்குட்டையை எடுத்துவிட்டாள். சரியான இடம் பார்த்து விரிப்பை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தேன். பக்கத்து ஜன்னல் வெயில் அதன் மேல் விழுந்தது. பழுப்பு அச்சுக்குள் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. ஓரத்தை ஒட்டி வரிசையாகப் பதினொன்று, நடுவில் ஓரிடத்தில் மட்டும் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது.

ஸ்டீம் பெட்டியின் அடித்தட்டில் ஆவி வரும் ஓட்டைகள் உண்டு. பெட்டியை மறந்துபோய் வைத்துவிட்டால், ஓட்டை இருக்கும் இடத்தில் மட்டும் இரும்பு படாது, துணி வெள்ளையாகவே நிற்கும். என் பெட்டியில் பன்னிரண்டு ஓட்டை. உப்பு அடைத்துப்போய் ஒன்று திறக்கவே இல்லை, ஊசியால் குத்திக் குத்திப் பார்த்தவள் நான். தங்கையின் பழைய பெட்டியில் ஓட்டை என்பதே கிடையாது.

அந்த மத்தியானம் அப்படியே நினைவுக்கு வந்தது. தங்கை டெலிவரிக்குப் போயிருந்தாள். லேஸ் ஓரத்தை அவள் சரியாகத் தேய்க்கவில்லை என்று எனக்கு ஒரு நமைச்சல். என் பெட்டியை எடுத்தேன். ஃபோன் அடித்தது. பெட்டியை நிமிர்த்தி வைக்காமல் அப்படியே படுக்க வைத்துவிட்டுப் போனேன். ஃபோனில் அன்று எதற்காக ஜெபித்தோம் என்பதும் நினைவுக்கு வந்தது. இதே பாடகர் குழுத் தலைவி மற்றவர்கள் மேல் பழி போடுகிறாள், அந்தக் குணம் அவளை விட்டு நீங்க வேண்டும் என்று அரை மணி நேரம் உருகி ஜெபித்திருந்தோம்.

கடைசி பெஞ்சைப் பார்த்தேன். தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. பிள்ளை பரீட்சையில் என்ன எழுதப் போகிறதோ என்று பார்க்கிற தாய் மாதிரி பார்த்தாள்.

நான் விரிப்பை மடித்தேன். "ஆகவே நான் அவளை முழுமனதோடு மன்னித்தேன்" என்று எழுதி வைத்திருந்த கடைசி வரியைப் படித்துவிட்டு இறங்கினேன். தூ! கைதட்டல் வேறு.

வாசலில் அவளுக்காக நின்றேன். அவள் என்னைத் தாண்டிப் போனாள். ஸ்தோத்திரம் கூடச் சொல்லவில்லை. இருந்த ஒற்றை வார்த்தையும் போயிற்று.

எல்லாரும் போனபிறகு பாஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் நெற்றியைத் தடவினார்.

"இப்பப் போய் கலைச்சு விடாதீங்க சிஸ்டர். உங்க சாட்சியைக் கேட்டு இன்னைக்கு ரெண்டு குடும்பம் சமாதானம் ஆயிருக்கு. ஆண்டவருக்கு உண்மை தெரியும்ல, அது போதும்."

"அவருக்கு நாலு வருஷமா தெரியும் பாஸ்டர். தெரியாதது எனக்குத்தான்."

வீட்டுக்கு வந்து முழங்காலில் நின்றேன். ஆண்டவர் என்னை நேசிக்கிறார் என்று சின்ன வயதிலிருந்து பாடி வருகிறேன். அன்றைக்கு அதுதான் தாங்கவில்லை. ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் தேவலை. இவ்வளவு தெரிந்தும் நான்கு வருடம் என்னைப் பாட விட்டிருக்கிறாரே என்று வெட்கத்தில் அழுதேன். முதல் தடவையாக, ஜெபத்தில் வேறு யார் பெயரும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி லாண்டரிக்குப் போனேன். நீளமான அறை, சுவரோரம் பெரிய மெஷின்கள், மேசை மேல் மலையாய்ப் படுக்கை விரிப்புகள். தங்கை ஒரு விரிப்பைத் தனியாக மடிக்க முடியாமல் மேசையில் போட்டு இழுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். மறுமுனையை என் பக்கம் வீசினாள். பிடித்தேன். இருவரும் உதறினோம், நடுவில் வந்து முனையோடு முனை சேர்த்தோம். அவள் உள்ளங்கையில் அந்தத் தழும்பு அப்படியே இருந்தது.

"பெட்டியை நீதான் தூக்குனியா?" என்று கேட்டேன்.

"பின்ன? விட்டிருந்தா மேசையும் எரிஞ்சிருக்கும், கடையும் எரிஞ்சிருக்கும். அவசரத்துல பிடி எது தட்டு எதுன்னு பாக்கல."

"அது என் பெட்டின்னு உனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"இஸ்திரி போடுறவளுக்கு அச்சைப் பாத்தா தெரியாதா?"

"ஏன்டி சொல்லல?"

"ஒரு தடவை சொன்னேன். அப்புறம் நீ கண்ணை மூடிட்ட. கண்ணை மூடி இருக்கிறவகிட்ட எதைக் காட்டுறது?"

அடுத்த விரிப்பை வீசினாள். நான்கைந்து மடித்திருப்போம்.

"தப்பு என்னுதுதான். மன்னிச்சிடுடி" என்றேன். நான்கு வருடம் மைக்கில் எவ்வளவோ முழங்கிய வாய், இந்த இரண்டு வார்த்தைக்கு எச்சில் விழுங்கியது.

அவள் விரிப்பை ஓர் இழுப்பு இழுத்தாள். "இங்க மட்டும் சொல்றியா, அங்கயும் சொல்வியா?"

"அங்கயும் சொல்றேன்."

"ஜெபமா சொல்லாதே. கண்ணைத் திறந்துக்கிட்டு பேச்சா சொல்லு."

"சொன்னா மன்னிச்சிடுவியா?"

"முனையைச் சரியா பிடி. கோணுது."

அவ்வளவுதான். அழுகையும் வரவில்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. 'அக்கா' என்றும் சொல்லவில்லை. மெஷின் சத்தத்தில் நான் வேலை முடியும் வரை நின்று மடித்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு நேரத்தில், வேண்டாம் என்று பாஸ்டர் கண்ணைக் காட்டக் காட்ட எழுந்து போய் மைக்கை வாங்கினேன். விரிப்பைத் தூக்கிக் காட்டினேன். "இந்த அச்சு என் பெட்டியோடது. கருக்கினது நான். பொய் சொன்னவளும் என் தங்கச்சி இல்ல. அவ கையைச் சுட்டுக்கிட்டு என் கடையைக் காப்பாத்தினா, நான் இதே மைக்ல அவ மானத்தை வாங்கினேன்" என்றேன். கண்ணை மூடவே இல்லை.

ஆமென் சொல்வதா வேண்டாமா என்று சபைக்குத் தெரியவில்லை. யாரோ இருமினார்கள். பாடகர் குழுத் தலைவி கைக்குட்டையை எடுத்தாள், மூக்கைச் சிந்திவிட்டு உள்ளே வைத்துக்கொண்டாள். பாஸ்டர் அவசரமாக அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார், அதுவும் தப்பான எண். பாதிப் பேர் ஒரு பாட்டும் மீதிப் பேர் இன்னொரு பாட்டும் பாடினார்கள்.

முடிந்ததும் ஒருவர் கூட என் கையைப் பிடிக்கவில்லை. மன்னித்தபோது வரிசையில் நின்று கை கொடுத்தவர்கள், மன்னிப்புக் கேட்டபோது செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் தங்கை நின்றாள். ஸ்தோத்திரம் என்றாவது சொல்ல மாட்டாளா என்று பார்த்தேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள், பிறகு கிட்டே வந்து கசங்கியிருந்த என் சேலைத் தலைப்பைத் தழும்புக் கையால் இழுத்து நீவிவிட்டாள்.

"லாண்டரி வெச்சிருக்கிறவ போடுற துணியாக்கா இது?" என்றாள்.