நாளுக்கு எட்டு மாத்திரை

என் தங்கையின் வயிற்றை அறுத்துத் தைத்த ஆறாம் நாள், அதே தையலைப் பிரித்து மறுபடியும் அறுத்தார்கள். யார் மேல் தப்பு என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். எனக்குக் கோபம் எல்லார் மேலும்தான்.

அவளுக்கு முப்பத்து நான்கு வயது. ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்புப் பக்கம் வேலை. நான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள், அவளைவிட ஆறு வயது மூத்தவள். எங்கள் இருவருக்கும் ஒரே வீடு, ஒரே சமையல், ஓயாத சண்டை. எட்டு வருடமாக அவளுக்குக் குடலில் புண். சாப்பிட்டால் வலி, சாப்பிடாவிட்டால் மயக்கம். முதலில் பார்த்த டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார். போட்டால் மூன்றே நாளில் எழுந்து உட்காருவாள். குறைத்தால் படுத்துவிடுவாள். அந்த மனுஷனோ ஒவ்வொரு முறையும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் 'அதே மருந்து' என்று சீட்டில் கிறுக்கிக் கொடுத்தார். நிமிர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், அவள் முகம் அப்படி உப்பிக் கிடந்தது. கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்குப் 'பன்னு' என்று பெயர் வைத்தார்கள். அவளும் விட்டுக்கொடுக்காமல், "இங்க வெந்ததுல நாந்தான் ஒழுங்கா உப்பியிருக்கேன்" என்பாள்.

போன வருடம் குடலில் ஓரிடம் சுருங்கி அடைத்துக்கொண்டது. வெட்டி எடுத்தே ஆக வேண்டும் என்றார் ஆபரேஷன் செய்கிற பெரிய டாக்டர். அன்றைக்கு நான் வேனில் இருந்தேன், அவள் தனியாகப் போனாள். அவர் அவளிடம் தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறார்.

"இந்த மாத்திரை ஒடம்புல நெறைய இருந்தா, வெட்டி ஒட்டின எடம் ஒண்ணு சேராது. பிரிஞ்சுக்கும், சீழ் பிடிக்கும். ரெண்டு மாசத்துல கொஞ்சங் கொஞ்சமா ஒரு நாளைக்கு ரெண்டு மாத்திரைக்குக் கொண்டு வாங்க. திடீர்னு நிறுத்திடாதீங்க, அது உயிருக்கே ஆபத்து. கொறைக்க முடியலன்னா மறைக்காம சொல்லுங்க. குடல் முனைய வெளிய வச்சு, மலம் போக ஒரு பை மாட்டிட்டு, சில மாசம் கழிச்சு ஒட்டிக்கலாம்."

வீட்டுக்கு வந்தவள் என்னிடம், "ரெண்டு மாசம் கழிச்சு ஆபரேஷன்" என்று மட்டும் சொன்னாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகத் துணி எடுத்து வைக்கும்போதுதான் அவள் தலையணை உறைக்குள்ளிருந்து காலி மாத்திரை அட்டைகள் பொலபொலவென்று கொட்டின.

"என்னடி இது? ஒரு நாளைக்கு எத்தன போடற?"

"ரெண்டு."

"என் மூஞ்சிய பாத்துச் சொல்லு."

பார்த்தாள். "எட்டு."

டாக்டர் சொன்னதை அப்போதுதான் ஒவ்வொன்றாக அவள் வாயிலிருந்து பிடுங்கினேன். ஒரு வாரம் குறைத்துப் பார்த்தாளாம், அடுப்பு முன்னால் நிற்க முடியவில்லையாம். மருந்துக்கடையில் பழைய சீட்டையே நீட்டி வாங்கியிருக்கிறாள்.

"தேதி பாக்காமலா குடுத்தான்?"

"தேதியெல்லாம் யாருக்கா பாக்கறா?"

"டாக்டர்கிட்ட சொல்றதுக்கு என்ன கேடு ஒனக்கு?"

"சொன்னா பை மாட்டிடுவாரு. அந்தச் சூட்டுல, அத்தன பேருக்கு நடுவுல, வயித்துல பீப்பைய கட்டிக்கிட்டு நிக்கணுமா? அதுக்கு நான் செத்தே போறேன்."

"சாகறதப் பத்தி அப்பறம் பேசலாம். செருப்ப மாட்டு" என்றேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த நர்ஸ் ஒரு படிவம் கொடுத்தாள். 'இப்போது சாப்பிடும் மருந்துகள்' என்ற இடத்தில் பேனா கிழிய எழுதினேன்: ஸ்டீராய்டு, ஐந்து மில்லிகிராம், நாளுக்கு எட்டு. கீழே இரண்டு கோடு வேறு. நர்ஸிடம் வாயாலும் சொன்னேன். "எழுதிட்டீங்க இல்ல, டாக்டர் பாத்துப்பாரு" என்று ஃபைலில் செருகினாள்.

மறுநாள் காலை பெரிய டாக்டர் வந்தார். பின்னால் ஐந்து பேர். ஃபைல் அவர்களில் ஒருத்தியின் கக்கத்தில் இருந்தது.

"என்னம்மா, மாத்திரைய கொறச்சாச்சா?"

"கொறச்சாச்சு டாக்டர்."

"ரெண்டுதான?"

"ரெண்டுதான்."

நான் கட்டிலின் கால்மாட்டில்தான் நின்றிருந்தேன். தங்கை என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் பாத்திரத்தை உடைத்துவிட்டு, அம்மாவிடம் சொல்லாதே என்று கெஞ்சும் அதே பார்வை. எழுதிக் கொடுத்தாயிற்றே, படித்திருப்பார், சும்மா கேட்கிறார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். கக்கத்திலிருந்த ஃபைல் கக்கத்திலேயே இருந்தது.

மூன்று மணி நேர ஆபரேஷன். வெட்டி, இரண்டு முனையையும் சேர்த்து ஒட்டிவிட்டார்கள். பை இல்லை என்று தெரிந்ததும் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது.

ஐந்தாம் நாள் வயிறு பானை மாதிரி ஆனது. நாடி வேகமாக ஓடியது, உதடு காய்ந்துவிட்டது. டியூட்டி டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் பெருசா இல்ல, வலியும் அவ்வளவா இல்லங்கறாங்க. வெறும் காத்துதான். நடக்க வைங்க" என்றார். அந்த மாத்திரை வலியையும் காய்ச்சலையும் மூடி மறைக்கும் என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நானும் அவளைக் கைத்தாங்கலாக நடக்க வைத்தேன். ஓட்டை விழுந்த குடலோடு வராண்டாவில் இரண்டு சுற்று நடந்தாள் பாவி.

ஆறாம் நாள் காலையில் வயிற்றில் வைத்திருந்த குழாயில் பச்சையும் பழுப்புமாய் வந்தது. அந்த நாற்றத்தை யாரும் எனக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை. நான் போட்ட சத்தத்தில் மூன்று வார்டு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மறுபடியும் அறுத்தார்கள். உள்ளே ஒட்டின இடம் பிரிந்து அசுத்தமெல்லாம் வயிறு முழுக்கப் பரவியிருந்தது. கழுவி, குடலை வெளியே எடுத்துப் பை மாட்டினார்கள். எதற்குப் பயந்து பொய் சொன்னாளோ அதுவே வந்தது, கூடவே பதினொரு நாள் தீவிர சிகிச்சையும்.

தியேட்டர் வாசலில் பெரிய டாக்டர் என்னிடம் வந்தார். அவள் எட்டு மாத்திரை போட்டுக்கொண்டிருந்ததைச் சொன்னேன். அவர் முகம் சிவந்தது.

"அத மொதல்லயே சொல்ல வேணாமா? பேஷண்ட் பொய் சொன்னா நாங்க என்னம்மா பண்றது?"

"ஃபைல கொண்டு வரச் சொல்லுங்க" என்றேன்.

"இப்ப எதுக்கு..."

"கொண்டு வரச் சொல்லுங்க!"

வந்தது. மூன்றாவது தாளை நானே புரட்டி அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். படித்தார். கீழே இருந்த இரண்டு கோட்டையும் பார்த்தார்.

"இத யாரும் எங்கிட்ட காட்டல."

"எழுதத்தான் என்னால முடியும். ஒங்க கண்ணையும் நானே வந்து தொறந்து விடணுமா?"

அவர் தாளை மடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

தங்கைக்குத் தொண்டைக் குழாயை எடுத்த பிறகு அவளையும் விடவில்லை. "அறிவிருக்காடி ஒனக்கு? வேல போனா போகுது, உசுரு போனா வருமா?" என்று படுக்கையில் கிடக்கிறவள் என்றுகூடப் பார்க்காமல் பொரிந்தேன். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு கம்மிய குரலில் சொன்னாள்:

"எட்டு வருசமா, முடியலன்னு படுக்கற அன்னிக்கெல்லாம், 'மாத்திரைய போட்டுட்டுக் கெளம்புடி'ன்னு சொன்னது யாருக்கா?"

நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஆஸ்பத்திரி மேல் புகார் எழுதினேன். நான்காம் மாதம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மாள் மரியாதையாகத்தான் பேசினார்.

"ரவுண்ட்ஸ் அப்போ நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"அவங்க ரெண்டுன்னு சொன்னது காதுல விழுந்துதா?"

"விழுந்துது."

"நீங்க ஏன் மறுத்துச் சொல்லல?"

வேனில் முப்பது பிள்ளைகளையும் ஒரு அதட்டலில் அடக்குகிறவள் நான். அங்கே மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் பேசினேன்.

"சொல்லியிருக்கணும். சொல்லல. அதையும் எழுதிக்குங்க. ஆனா எழுதினத அவரு படிக்கல, சொன்னத நர்ஸ் சொல்லல, வயித்தத் தொட்டவருக்கு சந்தேகம் வரல. எந்தப் பக்கத்துல எதை எழுதினாலும், ஒண்ண எழுதிட்டு இன்னொண்ண விட்டுடாதீங்க."

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. 'தகவல் பரிமாற்றத்தில் ஏற்பட்ட குறைபாடு' என்றிருந்தது. இனிமேல் மருந்துப் பட்டியலைப் படித்துவிட்டு ஆபரேஷன் செய்பவரே கையெழுத்துப் போட வேண்டும் என்று மாற்றியிருக்கிறார்களாம். முப்பத்தெட்டு கிலோவாகச் சுருங்கிக் கிடந்தவளுக்கு, குறைபாடு!

வேறு மருந்து கொடுத்து மாத்திரையை மெல்ல மெல்ல நிறுத்தினார்கள். எட்டு மாதம் பையோடு இருந்தாள். ஐந்து மாதம் அதோடுதான் அடுப்பு முன்னாலும் நின்றாள். ஒன்பதாம் மாதம் குடலை ஒட்டினார்கள். இந்த முறை கூடிவிட்டது. முகம் வற்றிப் பழைய முகம் வந்துவிட்டது. 'பன்னு' என்ற பேர் மட்டும் போகவில்லை.

"விடுக்கா, அதான் ஒட்டிக்கிச்சு இல்ல" என்கிறாள்.

ஒட்டிக்கொண்டது. இருந்தும் அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் பக்கம் முடிந்திருக்கிறது.