தூரத்து வெள்ளை

செப்டம்பரில் எங்கள் ஐஸ்லாந்துப் பள்ளத்தாக்கினர், கோடை முழுக்க மலையில் மேயவிட்ட ஆடுகளைத் தேடி இறக்குவார்கள். யார் எந்தச் சரிவில் தேடுவது என்று சொல்கிறவரை மலையரசன் என்போம். பல வருடங்களாக அந்தப் பொறுப்பு ஸ்டெய்ன்வோரிடம் இருந்தது. பெண் என்பதற்காக மலையரசி என்று அழைத்தால் திட்டுவாள்.

ஆகஸ்ட் கடைசியில் ரெய்க்யவிக் மருத்துவமனையிலிருந்து அவளுக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. மார்பக எக்ஸ்ரேயில் இடது பக்கம் ஏதோ தெரிகிறதாம். மறுபடி வர வேண்டுமாம். அவள் கணவன் பதற்றத்தில் கூட்டுறவுக் கடையில் உளறிவிட்டான். மாலைக்குள், துக்க வீட்டுக்குக் கொண்டுபோவதுபோல, அக்கம்பக்கத்திலிருந்து கேக்குகள் வந்தன.

"யாரு செத்துப்போனா?" என்று கேட்டுவிட்டு அவற்றைக் கோழிகளுக்குப் போட்டாள்.

போக அவளுக்கு மனமில்லை. போனால் நோயாளி என்று முத்திரை குத்தி மலையைப் பறித்துவிடுவார்கள். போகாவிட்டாலும் கேக் நிற்காது என்று தெரிந்ததும் பஸ் ஏறினாள்.

மருத்துவர் ரக்னா திரையில் ஒரு வெள்ளைத் திட்டைக் காட்டினார். "சதை ஒண்ணுமேல ஒண்ணு படிஞ்சிருக்கா, நீர்க்கட்டியா, வேற கட்டியான்னு இந்தப் படத்துல தெரியல. திரும்பக் கூப்பிடுறவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு மேல புற்றுநோய் இருக்காது. அதுக்காகப் பாக்காம விட முடியாது."

"எங்க மலையிலயும் அப்படித்தான். தூரத்துல வெள்ளையா இருந்தா, கல்லா ஆடான்னு நின்ன இடத்துலயே முடிவு பண்ணக் கூடாது. பண்ணினவனுக்கு அடுத்த வருஷம் என்கூட இடமில்ல."

"நீங்க என்னைவிடக் கண்டிப்பு" என்று ரக்னா சிரித்தார். புதிய படங்கள், ஸ்கேன், பிறகு சோதனைக்காக ஊசியால் கொஞ்சம் சதை எடுத்தார்கள். முடிவு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். காயம் ஆறியதும் குதிரை ஏறலாம் என்றார் ரக்னா.

அவள் திரும்பி ஊர் மன்றத்துக்கு வந்தபோது, பக்கத்துப் பண்ணைக்காரன் ஓட்டார் சரிவுகளுக்கு ஆட்களைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"நீ ஓய்வெடும்மா. இந்த வருஷம் நான் பாத்துக்கறேன்."

"டாக்டரே ஓய்வெடுன்னு சொல்லல. உனக்கு யார் சொன்னா?"

"இன்னும் முடிவு வரலியே..."

"வரல. வர்ற வரைக்கும் நான் பாதி ஆளா? கெட்ட முடிவா வந்தா வைத்தியம் பாத்துக்குவேன். அப்பவும் உன்கிட்டக் கேட்க மாட்டேன். நகரு."

ஓட்டார் நகர்ந்தான்.

மலையேறிய அன்றும் முடிவு வந்திருக்கவில்லை. எதிர்ச்சரிவின் உச்சியில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது.

"அது கல்லு" என்றான் ஓட்டார்.

"இருக்கலாம்" என்றாள் ஸ்டெய்ன்வோர். "போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு."

அவன் முணுமுணுத்தபடி குதிரையைத் திருப்பினான்.