கேட்டைத் திறந்தது யார்

"நேரம் போட முடியுமா, முடியாதா? அதைச் சொல்லு முதல்ல," என்றார் வீட்டுக்காரர்.

மோட்டார் பெட்டிக்குள் இருந்த பல்லி முட்டைகள் இரண்டை ஒரு காகிதத்தில் ஏந்தி, சுவர் ஓரத்து நிழலில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள் கேட்டக்கா. கடையில் எல்லோருமே அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். பதினோரு வருடமாகத் தானியங்கிக் கேட்டுகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும்தான் அவள் வேலை.

"யாருக்கு சார் நேரம்?"

"என் தங்கச்சிக்கு. பின்பக்க வீட்ல இருக்கா. காலைல ஆறு மணியிலிருந்து ராத்திரி எட்டு மணி வரைக்கும்தான் அவ போன்ல கேட் தொறக்கணும். அதுக்கு முன்னாடி அவ தலைகீழா நின்னாலும் தொறக்கக் கூடாது."

"போடலாம். அவங்க வேலைக்கு எதுவும் போறாங்களா?"

"பேக்கரிக்குப் போறா. விடியக்காலம் நாலு மணிக்கு."

"அப்புறம் எப்படி சார்..."

"என்னை எழுப்பட்டும். நானே தொறந்து விட்டு நானே மூடிக்கிறேன். இந்தாம்மா, உன் வேலை மாட்டுறது. கேள்வி கேக்கறதுக்குக் கடைக்காரன் உன்னை அனுப்பல."

கேட்டக்காவுக்குச் சுருக்கென்றது. காலையில் வாசலில் நின்றபோதே, "ஆம்பளை யாரும் கிடைக்கலையா?" என்று கடைக்குப் போன் போட்டுக் கேட்டவர் இவர். அதையும் அவள் விழுங்கித்தான் இருந்தாள். கோபம் வந்தால் மனதுக்குள் பத்து முறை கடவுள் பெயரைச் சொல்வது அவள் வழக்கம். அன்று அதற்குள் எழுபது தாண்டியிருந்தது.

புதிய கண்ட்ரோலர் ஒரு சோப்புப் பெட்டி அளவுதான். அதை மோட்டாரோடு இணைத்து, வீட்டு வைஃபையில் சேர்த்துவிட்டால், போனிலிருந்தே கேட்டைத் திறக்கலாம். பழைய ரிமோட்டுகளையும் அதில் பெயர் போட்டுப் பதிந்துவிட்டால், யார் எப்போது திறந்தார்கள் என்று நிமிடக் கணக்கோடு பட்டியல் வரும்.

"அந்தப் பட்டியல்தான் எனக்கு வேணும்," என்றார் அவர். "மூணு மாசமா வாயால சொல்லிப் பாத்துட்டேன், ஒத்துக்க மாட்டேங்கிறா. மெஷின் சொன்னா ஒத்துக்கிட்டுத்தானே ஆகணும்?"

மூன்று மாதத்துக்கு முன்னால் நடந்ததை அவரே சொன்னார். ஒரு மத்தியானம் கேட் திறந்து கிடந்திருக்கிறது. ஞாபகம் தவறிக்கொண்டிருக்கும் அம்மா செருப்புகூடப் போடாமல் வெளியே நடந்து, நாலு தெரு தாண்டி, பேருந்து நிறுத்தத்துப் படியில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். சற்று முன்னால்தான் தங்கை பேக்கரியிலிருந்து திரும்பியிருந்தாள். அதற்குப் பிறகும் ஐந்தாறு தடவை கேட் திறந்து கிடந்தது. அம்மாவின் அறையை இப்போது வெளியே தாழ்ப்பாள் போட்டு வைத்திருந்தார்கள்.

"என் சம்சாரம் மகளோட பிரசவத்துக்குப் போயிருக்கா. நான் ஒருத்தன் எவ்வளவுதான் காவல் காக்கறது?" என்றார். சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இடறியது. உடனே அதை ஒரு செருமலால் மறைத்துக்கொண்டார்.

பதினோரு மணிக்குத் தங்கை ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். நாற்பது வயதிருக்கும். முழங்கையில் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. கேட்டக்கா வெயிலில் குந்தியிருப்பதைப் பார்த்ததும், உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீரும், பழைய குடை ஒன்றும் கொண்டுவந்து, குடையை விரித்துச் சுவர்க் கம்பியில் செருகிவிட்டாள்.

"அக்கா, என் ரிமோட்டும் வேணுமாமே?"

"பேர் போடணும்மா. கொஞ்ச நேரம் என் பையில இருக்கட்டும்."

"கொஞ்ச நேரமா?" வாசலிலிருந்து வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். "அது இனிமே உனக்குக் கிடையாது. போன்தான். ஆறுலேருந்து எட்டு வரைக்கும்."

தங்கை மெதுவாகத் திரும்பினாள்.

"என் வீட்டுக்குள்ள வர எனக்கே டைம் டேபிளா? நான் என்ன, உன் குடோன்ல சரக்கு இறக்க வந்த லாரியா?"

"லாரிக்காரன் கேட்டைச் சாத்திட்டுப் போவான்."

"நான் சாத்தினேன்! எத்தனை தடவை சொல்றது? கண்ணால பாத்துட்டுத்தான் உள்ள போனேன்!"

"அப்ப கேட்டுக்குக் கால் முளைச்சுதா? இல்ல, அம்மா தாவிக் குதிச்சாங்களா?"

"வேணாம்ணே. பேக்கரிகிட்ட வாடகைக்கு ஒரு ரூம் பாத்து வெச்சிருக்கேன். சாயங்காலம் அந்த ரூம்காரருக்குப் பதில் சொல்லணும். இந்த மெஷின் ஓட ஆரம்பிச்சா நான் கிளம்பறேன். அம்மாவைத் தினம் குளிப்பாட்டி, தலை வாரி, ஊட்டி விடறதையும் அந்த மெஷினையே செய்யச் சொல்லு."

"போயேன். யாரு கையைப் பிடிச்சு இழுத்தா?"

தங்கை பின்பக்கம் போனாள். கதவு அறைந்த சத்தத்தில், தாழ்ப்பாள் போட்ட அறைக்குள்ளிருந்து, "யாரு வந்திருக்கா?" என்று ஒரு மெல்லிய குரல் கேட்டது. யாரும் பதில் சொல்லவில்லை.

கேட்டக்கா இரண்டு ரிமோட்டுகளையும் பதிந்தாள். ஒன்றுக்கு 'அண்ணன்', மற்றொன்றுக்குத் 'தங்கை'. தங்கையுடையதைத் தன் கருவிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அண்ணனுடையது அவர் சாவிக்கொத்தோடு சேர்ந்தே இருந்தது. அது சாதாரணக் கொத்து அல்ல. முப்பது வருடம் ஒரு பெரிய குடோனில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். ஓய்வு பெற்று நாலு மாதம் ஆகியும், எந்தப் பூட்டையும் திறக்காத சாவிகள்கூட அதில் தொங்கின. கொத்தைக் கீழே வைக்கும் பழக்கமே அவருக்கு இல்லை. கழற்றித் தரச் சொன்னால் ஏதோ கிட்னியைக் கேட்டதுபோலப் பார்த்தார். அவர் கையிலேயே வைத்துப் பட்டனை அழுத்த, அவள் பதிந்தாள். பதிந்ததும் கொத்து அவருடைய பின்பாக்கெட்டுக்குள் போய்விட்டது.

கேட்டை மூடிவிட்டு, வைஃபை எட்டுகிறதா என்று பார்க்கக் கூடத்துக்கு வந்தாள். அவர் வாசலை ஒட்டியிருந்த மர நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியே மோட்டார் முனகியது. கேட் ஓடித் திறந்தது.

"என்னம்மா இது? தானா தொறக்குது! வேலை தெரிஞ்சுதான் வந்தியா?"

அவளுக்கே புரியவில்லை. போய் மூடினாள். ஒயர்களைச் சோதித்தாள். அவர் பின்னாலேயே வந்து நின்று, திரும்பிப் போய் உட்கார்ந்தார். கேட் மறுபடி திறந்தது.

"மெஷினைக் கெடுத்துட்ட! நல்லா ஓடிட்டிருந்த மோட்டார்! இதுக்குத்தான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன், ஆம்பளை ஆள் அனுப்புன்னு!"

இந்தத் தடவை கேட்டக்கா கடவுள் பெயரை ஆரம்பித்து மூன்றிலேயே விட்டுவிட்டாள். பற்களைக் கடித்துக்கொண்டு போனை எடுத்து, பட்டியலைப் பார்த்தாள். அதில் இரண்டே வரிகள்.

அண்ணன், 11:42. அண்ணன், 11:49.

அவள் நாற்காலியைப் பார்த்தாள். நாற்காலியில் அவரைப் பார்த்தாள். அவருக்கு அடியில் ஒரு பக்கமாகப் புடைத்திருந்த பாக்கெட்டைப் பார்த்தாள்.

"சார், ஒரு நிமிஷம் எந்திரிங்க."

எழுந்தார். மோட்டார் முனகியது. கேட் மூடிக்கொண்டது.

"இப்ப உக்காருங்க."

"எதுக்கு? நான் என்ன உனக்குச் சர்க்கஸ் காட்டவா..."

"உக்காருங்க சார்!" அவள் போட்ட அதட்டலில் அவர் தன்னையறியாமல் உட்கார்ந்துவிட்டார்.

கேட் திறந்தது.

சாவிகளுக்கும் நாற்காலிப் பலகைக்கும் நடுவில் ரிமோட் பட்டன் நசுங்குகிறது. உட்கார்ந்தால் ஒரு தடவை, எழும்போது சில நாள் இன்னொரு தடவை. எழும்போதும் அழுந்தினால் கேட் மூடிவிடும், யாருக்கும் தெரியாது. அழுந்தாத நாளில் திறந்தே கிடக்கும். வேலைக்குப் போன காலத்தில் பகலில் அவர் வீட்டில் உட்கார்ந்ததே இல்லை.

கேட்டக்காவுக்கு வாசலில் நின்று பின்பக்கத்தைப் பார்த்து, 'தங்கச்சி, வந்து பாரு உங்க அண்ணன் லட்சணத்தை' என்று கத்தவேண்டும்போல இருந்தது. தெருவையே கூட்டி, அவரை உட்காரவைத்து எழுப்பி, எழுப்பி உட்காரவைத்துக் காட்டவேண்டும்போல இருந்தது. காலையிலிருந்து வாங்கிய ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தோப்புக்கரணம். கடவுள் சில சமயம் நம் கையில் ஒரு கல்லைக் கொடுத்து, எதிராளியையும் அசையாமல் நிற்கவைக்கிறார். எறிவது எளிது. அவள் வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

ஏனென்றால் அவருக்குப் புரிந்துவிட்டிருந்தது. கை மெல்லப் பின்பாக்கெட்டுக்குப் போயிற்று.

"அன்னிக்கு... பேப்பர் படிச்சிட்டு இருந்தேன்," என்றார். "இதே நாற்காலிதான்."

கேட்டக்கா குரலைத் தணித்தாள். "நான் யாருகிட்டயும் சொல்லல சார். நீங்களே போய்ச் சொல்லுங்க."

அவர் வாசல் வழியாகக் கேட்டைப் பார்த்தார். பிறகு கோபம் போன வழியாகவே திரும்பி வந்தது. "மெஷின் தப்பு. புது மெஷின், ஏதோ கோளாறு. அந்த வரியெல்லாம் அழிச்சிடு."

"என்ன?"

"அழிக்க முடியும்ல? அழி. இந்த ரிமோட்டைத் தூக்கி எறிஞ்சிடறேன். இனிமே தொறக்காது. முடிஞ்சுது. எதுக்கு வீணா..."

"அழிக்கலாம் சார்." அவள் போனை அவர் முன்னால் நீட்டினாள். "ஒரே பட்டன்தான். அந்தப் பொண்ணு மூணு மாசமாப் பட்டது எந்தப் பட்டன்ல அழியும்? அதையும் சொல்லுங்க, அழிச்சிட்டுப் போறேன். ரூம் பாத்துட்டு நிக்குது அது! நீங்க வாயைத் திறக்கலைன்னா சாயங்காலம் பெட்டியைத் தூக்கிட்டுப் போயிடும். அம்மாவுக்கு யாரு தலை வாருவா, நீங்களா?"

அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வெளியே கேட் மூடிக்கொண்ட சத்தம் கேட்டு, அடிபட்டவர்போல முகம் சுளித்தார். கொத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். வெறும் பாக்கெட்டோடு பின்பக்கம் போனார்.

அவர் சொன்னது கேட்டக்காவுக்குக் கேட்கவில்லை. தங்கை சொன்னது தெருவுக்கே கேட்டது.

"மூணு மாசம்! மூணு மாசம் நானே நம்பிட்டேன், தெரியுமா உனக்கு? நான்தான் மறந்துட்டேன் போலன்னு! அம்மாவுக்கு வந்தது எனக்கும் வருதுன்னு நினைச்சேன்! டாக்டரைப் போய்ப் பாத்தேன், யாருக்கும் சொல்லாம! கேட்டைச் சாத்திட்டு, திரும்ப வந்து தள்ளிப் பாத்து, மறுபடி வந்து தள்ளிப் பாத்து..."

"எனக்குத் தெரியாதும்மா."

"தெரியாதுன்னுதானே நானும் சொன்னேன்! நம்பினியா?"

பிறகு ஒரு பாத்திரம் விழுந்தது. விழுந்ததா, எறியப்பட்டதா என்று தெரியவில்லை. கேட்டக்கா கூடத்து ஜன்னலில் வைஃபை பெட்டியைத் திருகிப் பொருத்தினாள். அவள் கண் கலங்கியிருந்தது. அதற்கும் சேர்த்து அவளுக்குக் கோபம் வந்தது.

இருவரும் வந்தார்கள். அவர் முன்னால், அவள் பின்னால். அவர் கேட்டக்காவிடம், "நேரம் எதுவும் போட வேணாம்மா," என்றார். "கண்ட்ரோல் முழுக்க அவ போன்லயே இருக்கட்டும். எனக்கு வேணா நேரம் போட்டுடு."

"லூசு மாதிரி பேசாதே," என்றாள் தங்கை. முகம் இன்னும் சிவந்திருந்தது. "நாளைக்கு ராத்திரி அம்மாவுக்கு மூச்சு முட்டினா, ஆம்புலன்ஸுக்குக் கேட் தொறக்க எனக்குப் போன் போட்டுட்டு நிப்பியா?"

"ரெண்டு பேருக்குமே முழுசாக் குடுக்கலாம்," என்றாள் கேட்டக்கா. "அப்புறம், திறந்தது மூணு நிமிஷத்துல தானா மூடற மாதிரி வெச்சுடறேன். யாராவது குறுக்கே வந்தா சென்சார் நிறுத்திடும். அம்மா ரூம் தாழ்ப்பாளை எடுத்துடலாம்."

தங்கையின் ரிமோட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, இரண்டு போன்களிலும் அவள் பெயர்களைச் சேர்த்தாள். தங்கை ஒன்றிரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்தாள். பிறகு அதே போனில் ரூம்காரரைக் கூப்பிட்டாள். அண்ணன் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

"இன்னிக்குச் சொல்ல முடியாதுங்க... இல்ல, வேணாம்னு சொல்லல. ஒரு வாரம் போகட்டும்... சரி, வேற யாராவது வந்தாக் குடுத்துடுங்க. பரவாயில்ல."

போனை வைத்ததும் அண்ணன் பக்கம் திரும்பினாள். "ஒரு வாரம்தான். மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே."

"நினைக்கல."

"நினைக்கவும் கூடாது."

அவர் போய் அம்மாவின் அறைத் தாழ்ப்பாளை நீக்கினார். கதவு திறந்தது. வெளிச்சம் உள்ளே போயிற்று. "யாரு வந்திருக்கா?" என்று அம்மா மறுபடியும் கேட்டார்.

"நாங்கதாம்மா," என்றார் அவர். பிறகு தங்கையைப் பார்க்காமலே, தரையைப் பார்த்து, "சாப்டியா?" என்றார்.

"சாப்பிடல!" என்று கத்தினாள் அவள். "விடியக்காலம் மூணு மணிக்கு ஒரு டீ குடிச்சது! இதைக் கேக்க உனக்கு மூணு மாசம் ஆச்சா?"

அவர் சமையலறைக்குள் போனார். தட்டுகள் எடுக்கும் சத்தம் கேட்டது. எந்த அலமாரியில் எது இருக்கிறதென்று தெரியாமல் ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டு நின்ற தங்கை, "கீழ்த் தட்டுல!" என்று இங்கிருந்தே எரிந்து விழுந்தாள். "அக்காவுக்கும் சேர்த்து எடு. அம்மாவோட தட்டு தனியா இருக்கும், விளிம்பு வெச்சது!"

கருவிப் பையை மூடிக்கொண்டிருந்த கேட்டக்கா, வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். சொல்லவில்லை. கை கழுவக் குழாயடிக்குப் போனாள்.