கீழ்க் கம்பியில் இருபத்தெட்டு

நாற்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. வெள்ளி இரவு எட்டு மணிக்குத் தியோ பர்ராகன், பேஸ்பால் அணிக்குப் பந்தெறியும் இருபது வயதுப் பிட்சர், வலது தோளைப் பிடித்தபடி எறியும் மேட்டிலிருந்து இறங்கிப் போனான். இப்போது ஞாயிறு மதியம் ஒரு மணி. ஓஹையோவின் அந்தச் சின்ன மைதானத்தில் வாண்டா அவனுடைய அட்டைகளை வேலியில் கட்டிக்கொண்டிருந்தாள்.

எதிரணியில் ஒருவனை அவன் அடிக்கவிடாமல் வெளியேற்றினால், K என்று எழுதிய ஒரு சிவப்பு அட்டையை ரசிகர்கள் வேலியில் கட்டுவார்கள். ஆட்டம் முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். இன்று அவன் எறியப் போவதில்லை. ஆனாலும் இந்தப் பருவத்தின் தொண்ணூற்று நான்கையும் கட்டிவிடுவதென்று அவளும் லாரி மெக்கானிக் ரஸ்ஸும் முடிவு செய்திருந்தார்கள்.

"ஒண்ணு குறையுதே, வாண்டா."

"மிதிச்சுக்கிட்டு நிக்கிற பாரு."

ரஸ் காலை நகர்த்தினான். "அது சரி, இந்த இருபத்தெட்ட மட்டும் ஏன் கீழ்க் கம்பில கட்டுற?"

அவள் அடுத்த அட்டையைக் கையில் எடுத்தாள்.

மைதானக் காவலர் வந்தார். "இன்னைக்கு எறியறவனுக்குத்தாம்பா அட்டை. ரூல் தெரியாதா?"

"அந்த ரூல் எழுதின தாள எடுத்துட்டு வாங்க," என்றான் ரஸ். "அதுலயும் ஒரு K போட்டு மாட்டிடறேன்."

காவலர் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார்.

ஏப்ரலிலிருந்து தியோ வாண்டாவின் வீட்டுப் பின்னறையில்தான் தங்கியிருந்தான். இளம் ஆட்டக்காரர்களை அணி இப்படித்தான் உள்ளூர் வீடுகளில் தங்கவைக்கும். ஒரு விஷயத்தை யாரிடமும் சொல்லக் கூடாதென்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தான். இன்று காலை போனைப் பார்த்துக்கொண்டே, "பயந்தாங்கொள்ளின்னு எழுதியிருக்காங்க," என்றான். பிறகு இடது கையால் சாப்பிட்டு முடித்தான்.

பின்வரிசையில் ஹார்டுவேர் கடை டுவைட் உட்கார்ந்தான்.

"எதுக்கு இந்தத் தோரணம்? பெரிய டீம் கூப்பிடப் போற நேரம். பையன் உடம்பப் பத்திரமா வச்சுக்கிறான்."

"ஸ்கேன்ல கிழிசல்னு வந்திருக்குடா," என்றான் ரஸ்.

"ஒரே பந்துல கிழியுமா? யாருக்குக் கத சொல்ற?"

அந்த வரிசையில் இரண்டு மூன்று தலைகள் ஆடின. வாண்டா அதைப் பார்த்தாள். டுவைட் சொல்வதை இவர்கள் நம்பிவிட்டால், தோள் ஆறி அவன் திரும்பி வரும் நாளில் அவனை இளக்காரமாகக் கூச்சலிடப் போவதும் இவர்கள்தான்.

கடைசி முடிச்சை இறுக்கிவிட்டுத் திரும்பினாள்.

"நீ சொல்றது சரிதான், டுவைட். ஒரே பந்துல கிழியல."

டுவைட் நிமிர்ந்தான்.

"கிழிஞ்சு மூணு வாரமாச்சு. அதுக்கப்புறம் நாலு ஆட்டம் எறிஞ்சான். கீழ்க் கம்பில இருக்கிற இருபத்தெட்டும் அந்த நாலு ஆட்டத்துல எடுத்தது. வேணும்னா எண்ணிப் பாரு."

"உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. தெனம் காலைல அவனுக்குச் சட்டைக் கைய மாட்டிவிட்டது நான்தான்."