குன்யிட்டுக்கு ஒரு ஜன்னல் பலகை

மஸ்துராவின் கோபம் ஒன்பதாவது மாடியில் கிளம்பினால் கீழே மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடம் வரைக்கும் கேட்கும். நோன்பு மாதம் பிறப்பதற்கு முந்தின வாரம் ஒருநாள் அப்படித்தான் கேட்டது.

"அபாங், இது தொட்டிலா, தூக்குக்கயிறா?"

அவள் அபாங் என்று கூப்பிடும் கணவன் ஜொஹாரி பூனைக்கென்று ஆசையாக வரவழைத்த ஜன்னல் தொட்டிலைத்தான் கேட்டாள். கண்ணாடியில் வைத்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் நான்கு ரப்பர் கிண்ணங்கள், நடுவே ஒரு துணி, அவ்வளவுதான். பெட்டியின் மேலே இருந்த படத்தில் ஒரு வெள்ளைப் பூனை ராணி மாதிரி படுத்திருந்தது.

"பத்து கிலோ தாங்கும்னு எழுதியிருக்கு," என்றான் ஜொஹாரி. "நம்ம குன்யிட் நாலரைதானே?"

"எழுதினவன் வீடு எந்த மாடியோ!"

அவள் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கித் தொட்டிலில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். மத்தியான வெயில் கண்ணாடியில் ஏற ஏற, ரப்பர் இளகியது. மூன்று மணிக்குத் தொட்டில் தரையில் கிடந்தது. படுக்கையறையெங்கும் அரிசி.

"அரிசி உள்பக்கம் விழுந்துச்சு, பெருக்கி அள்ளிட்டேன். குன்யிட் வெளிப்பக்கம் விழுந்தா எதைக் கொண்டு அள்றது, சொல்லுங்க?"

ஜொஹாரி தொட்டிலை மடித்துப் பெட்டிக்குள் வைத்தான். போன வருஷம் பெலாங் என்ற வரிப்பூனையை அப்படி அள்ளி வந்தவள் அவள்தான். சமையலறை ஜன்னலில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சாயும் கண்ணாடிச் சட்டங்களில் ஒன்று தளர்ந்திருந்தது. பூனை அதில் காலை வைத்தது, சட்டத்தோடு போய்விட்டது. மஸ்துரா மின்தூக்கிக்குக்கூடக் காத்திருக்காமல் ஒன்பது மாடிப் படிகளையும் ஓடி இறங்கித் தன் தலைத்துணியில் அதைச் சுற்றித் தூக்கி வந்தாள். அதன் பிறகு ஆறு மாதம் அந்த வீட்டில் பூனையே இல்லை. குன்யிட் வந்தபோது, மஞ்சள்கிழங்கு நிறத்தில் இருந்ததால் அதன் மலாய்ப் பெயரையே வைத்தாள். வைத்த அன்றைக்கே, இது கீழே போகக்கூடாது என்று தீர்மானித்தாள்.

ஆனால் பூனைக்கு ஜன்னல் வேண்டும். மைனாவையும் மழையையும் பார்க்காமல் அடைந்து கிடக்கும் பூனை, சோபாவைக் கிழிக்கும். இல்லாவிட்டால் தன் ரோமத்தையே கடித்துப் பிய்த்துக்கொள்ளும். குன்யிட் இரண்டையும் தொடங்கியிருந்தது.

மஸ்துரா வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். சமையலறை ஜன்னல் ஆகாது, அந்தச் சட்டங்களை அவள் இனி நம்பமாட்டாள். படுக்கையறை ஜன்னலில் கம்பியே கிடையாது, போதாததற்குப் பின்வெயில் பாதத்தைப் பொசுக்கும். கூடத்து ஜன்னல்தான் மிச்சம். காலை வெயில் பத்து மணிக்குள் போய்விடும். கண்ணாடிகள் பக்கவாட்டில் நகர்பவை, அவற்றுக்கு வெளியே உறுதியான இரும்புக் கம்பிகள். ஆனால் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. தலை நுழைந்தால் பூனைக்கு உடம்பு ஒரு பொருட்டா? ஆகவே கம்பிகளின் மேல் எஃகு வலையை விரித்து, சாணுக்கு ஒன்றாகப் பிளாஸ்டிக் கேபிள் டை போட்டு இறுக்கினாள். சுவரில் துளையிட்டு இரண்டு இரும்புத் தாங்கிகளை ஜொஹாரி முடுக்கினான். பலகையை ஜன்னல் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே இருக்கும்படி வைக்கச் சொன்னாள். தூக்கத்தில் உருண்டாலும் வீட்டுக்குள் உருளட்டும் என்று. நகம் பிடிக்க ஒரு துண்டுக் கம்பளம் ஒட்டினாள். கடைசியில் பலகையின் மேல் தானே முழங்கைகளை ஊன்றித் தொங்கிப் பார்த்தாள்.

"நீ தொங்கியே தாங்குதுன்னா, யானையே படுக்கலாம்," என்று ஜொஹாரி சொல்லி, அந்தப் பேச்சுக்குத் தண்டனையாக அன்றைக்கு உறைப்பே இல்லாத மீன் குழம்பு சாப்பிட்டான்.

நோன்பு இருபத்தைந்தாம் நாள் ஜொஹாரியின் மூத்த அக்கா வந்து இறங்கினாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் காக் லோங். அவள் சொன்னதுதான் பெருநாள் பலகாரம், அவள் சொன்னதுதான் பெருநாள் நிறம். அந்த வருஷம் மரகதப் பச்சை. பெருநாளுக்குப் புதுத் திரைச்சீலை போடாத வீட்டில் மனுஷர்கள் குடியிருக்கிறார்கள் என்பதையே அவள் ஒப்புக்கொள்ளமாட்டாள். இரண்டு பெரிய பைகளில் சீலைகள் வந்தன, கூடவே மினுக்கு மினுக்கென்று எரியும் விளக்குச் சரம் ஒன்று.

"எதிர்க் கட்டடத்துல பாரு மஸ், வீட்டுக்கு வீடு விளக்கு. நம்ம ஜன்னல் மட்டும் கோழிக்கூடு."

"கோழிக்கூடாவே இருக்கட்டும் காக் லோங். வலை மேல மட்டும் கை வச்சிராதீங்க."

"யாரு வச்சா? பேச்சுக்குச் சொன்னேன். உடனே மூக்கு மேல வந்து உக்காந்துருது கோவம்!"

இருபத்தெட்டாம் நாள். மஸ்துரா வேலை பார்த்த துணிக்கடையில் நிற்க இடமில்லை. விடியலிலிருந்து ஒரு வாய் தண்ணீர் இல்லாமல், நாள் முழுக்க மடித்ததையே மடித்து, கால் வீங்கி, நோன்பு திறக்கக் கால் மணி நேரம் இருக்கும்போது கதவைத் திறந்தாள்.

கூடம் பச்சையாக ஜொலித்தது. தங்கக் குஞ்சம் வைத்த சீலைகள் கூரையிலிருந்து தரைவரை விழுந்தன.

"எப்படி?" என்றாள் காக் லோங், இடுப்பில் கைவைத்து. மேசையில் பேரீச்சம்பழத்தையும் பொரித்த கானாங்கெளுத்தியையும் அடுக்கிக்கொண்டிருந்த ஜொஹாரி மட்டும் நிமிரவில்லை.

"குன்யிட் எங்க?" என்றாள் மஸ்துரா.

"அதோட பலகையிலதான் இருக்கும். வேறெங்க போகும்?"

சீலையை விலக்கினாள். பலகை காலி. கண்ணாடி முழுசாகத் திறந்திருந்தது. வலை இல்லை. கம்பிகளின் வெளிப்பக்கம் விளக்குச் சரம் சிவப்பும் பச்சையுமாக மினுங்கியது. கம்பிக்கு அப்பால், ஒரு சாண் அகலமே உள்ள சிமெண்டு விளிம்பில் குன்யிட் உட்கார்ந்துகொண்டு, அணைந்து எரியும் விளக்கை ஒரு காலால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

நீங்களே நினைத்துப் பாருங்கள். மோட்டார் நிறுத்துமிடம் வரை கேட்கிற குரல் அது, தொண்டைக்குழி வரை வந்துவிட்டது. கத்தினால் பூனை துள்ளும். துள்ளினால் ஒன்பது மாடி. மஸ்துரா அந்தக் குரலை அப்படியே விழுங்கினாள். பூனையைக் கொஞ்சுகிற மெல்லிய, தேன் ஒழுகுகிற குரலில், கண்ணைப் பூனையை விட்டு எடுக்காமல் பேசினாள்.

"குன்யிட் செல்லம், என் தங்கம், அங்கயே இரும்மா. அபாங், நீங்களும் அசையாதீங்க ராஜா, அசைஞ்சா உங்க காலை ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன். வலையை யாருடா கண்ணு வெட்டினது?"

"நான்தான் பிடிச்சுக்கிட்டேன், வெட்டினது..." என்று ஜொஹாரி இழுத்தான்.

"விளக்கு மாட்ட வழியில்லாம இருந்துச்சு மஸ். நான்தான்..." என்று காக் லோங் உரக்கத் தொடங்கினாள்.

"மெதுவாப் பேசுங்க, பட்டு. வளையலைக் கழட்டிக் கீழ வைங்க, சத்தம் போடுது. என் வீட்டுக்கு வந்து, என் பிள்ளையை வெளிய தள்ள வழி பண்ணி வச்ச மகராசி, சத்தம் வராம கழட்டுங்க."

காக் லோங்கை யாரும் அவள் வாழ்நாளில் இப்படிப் பேசியதில்லை. இவ்வளவு இனிப்பாகவும் பேசியதில்லை. திட்டுகிறாளா கொஞ்சுகிறாளா என்றே அவளுக்குப் பிடிபடவில்லை. வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மெத்தைமேல் வைத்தாள்.

கீழே பையன்கள் கூடிவிட்டது கேட்டது. பாங்கு சொல்லி, ஒரு மிடறு தண்ணீர் குடித்ததும் வெடி கொளுத்துவார்கள், தினமும் அப்படித்தான். மஸ்துரா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு நிமிஷம்.

"அபாங், மீன்ல ஒரு துண்டு. முள்ளு இல்லாம. அப்புறம் போய் விளக்கை அணைங்க. ஓடாதீங்க செல்லம், ஊர்ந்து போங்க."

விளக்கு அணைந்தது. விளையாட்டு முடிந்ததும்தான் குன்யிட்டுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது தெரிந்தது. எழுந்தது. திரும்ப இடம் போதவில்லை. பின்னங்கால் ஒன்று விளிம்பைத் தாண்டி வழுக்கி, சுண்ணாம்புத் துணுக்கு ஒன்று உதிர்ந்து கீழே போனது. அது தரையில் விழுந்த சத்தமே மேலே வரவில்லை. காக் லோங் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மஸ்துரா பலகையின் மேல் மண்டியிட்டு, இடது கையைத் தோள்வரை கம்பிக்கு வெளியே விட்டு, விரலில் மீனை நீட்டினாள். வலது கை அடுத்த இடைவெளியில் காத்திருந்தது.

"வாடி என் சிங்காரி. வந்துரு. வந்த பிறகு இவங்க ரெண்டு பேரையும் என்ன பண்றேன்னு நீயே பாரு, வா."

பூனை வயிற்றைச் சிமெண்டோடு தேய்த்து ஓர் அடி வந்தது. மீனை மோந்தது. இன்னோர் அடி. வலது கை பிடரியைக் கவ்வியது. தலை உள்ளே வந்தது, தோள் வந்தது, இடுப்பு கம்பியில் சிக்கிக்கொண்டது. குன்யிட் அலறிக்கொண்டு அவள் கையை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கிழித்தது. அவள் விடவில்லை. ஒரு திருகு திருகி இழுத்தாள். பூனையும் அவளும் பலகையிலிருந்து கூடத்துக்குள் விழுந்தார்கள். பாய்ந்துபோய்க் கண்ணாடியைச் சாத்தினாள் காக் லோங்.

பாங்கு கேட்டது. ஜொஹாரி பேரீச்சம்பழத்தை நீட்டினான். மஸ்துரா அதைத் தின்றாள், ஒரு கோப்பைத் தண்ணீர் குடித்தாள். கீழே முதல் வெடி வெடித்தது. மடியில் இருந்த பூனை விறைத்து, நகங்களை அவள் தொடையில் இறக்கியது.

அதன் பிறகு அவள் பேசியதை நான் எழுதப்போவதில்லை. மோட்டார் நிறுத்துமிடத்தில் வெடி கொளுத்திய பையன்களே கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

வலையைத் துண்டு துண்டாக வெட்டிக் குப்பைக் குழாயில் போட்டிருந்தாள் காக் லோங். பெருநாள் நெருக்கத்தில் பக்கத்து இரும்புக் கடைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. மஸ்துரா கண்ணாடியின் கைப்பிடியைக் கயிறு போட்டுப் பலகையின் இரும்புத் தாங்கியோடு கட்டினாள். ஒன்றல்ல, ஏழு முடிச்சு.

பெருநாள் காலை. பெரியவர்களின் கையைப் பிடித்து முத்தமிட்டு, வெளியில் செய்ததும் மனசுக்குள் நினைத்ததுமான எல்லாத் தப்புக்கும் மன்னிப்புக் கேட்கிற நேரம். காக் லோங் புது உடுப்பில் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து கையை நீட்டினாள். மஸ்துரா முன்னால் மண்டியிட்டாள். கட்டுப் போட்ட கையாலேயே அந்தக் கையைப் பிடித்தாள்.

"அன்னைக்கு நான் பேசின பேச்சுக்கெல்லாம் மன்னிச்சிருங்க காக் லோங்."

"ம்ம்."

"ஜன்னலைத் திறக்கப் போறதில்ல. அதுக்கு மன்னிப்புக் கேக்கல."

காக் லோங் கையை உருவிக்கொண்டாள்.

பத்து மணிக்கு விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள். பதினொரு மணிக்குக் கூடத்தில் இருபத்துமூன்று பேர். மரகதப் பச்சைச் சீலைகளுக்கு நடுவே ஒரே ஒரு விசிறி. ரெண்டாங் கறியின் ஆவியும் சேர்ந்துகொண்டது. காக் லோங்கின் முகப்பூச்சு கழுத்துவரை வழிந்தது.

"மஸ், மூச்சு முட்டுது. ஒரு விரக்கடை திற."

"வலை வரட்டும்."

"பூனையை ஒரு அறையில போட்டுப் பூட்டேன்!"

"கதவைத் திறக்க இருபத்துமூணு பேரு இருக்காங்க. திறந்தா எங்க போகும்னு எனக்குத் தெரியும்."

விருந்தாளிகள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். ஜொஹாரிதான் எழுந்தான். பெருநாள் உடுப்போடும் சொங்கோக் தொப்பியோடும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். இரண்டு கடைகள் பூட்டு. மூன்றாவதாக, சீனர் ஒருவரின் இரும்புக் கடையில் பாதிக் கதவு திறந்திருந்தது. கடைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"பெருநாள் அன்னைக்கு வலையா? வீட்ல யாரு கோவமா இருக்காங்க?"

"எல்லாரும்," என்றான் ஜொஹாரி.

வந்து, சட்டைக் கையை மடித்து, மஸ்துரா முடிச்சுகளை அவிழ்த்துப் பூனையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காவல் நிற்க, கண்ணாடியைக் கையளவு நகர்த்தி நகர்த்தி வலையை ஒவ்வொரு சாணுக்கும் கட்டினான். மஸ்துரா ஒவ்வொரு கட்டையும் இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பார்த்தாள். இரண்டை வெட்டி மறுபடி போடச் சொன்னாள். பிறகுதான் கண்ணாடியை முழுசாக நகர்த்தினாள். காற்று உள்ளே வந்து பச்சைச் சீலையைத் தூக்கியது. விருந்தாளிகள் மொத்தமாக ஒரு பெருமூச்சு விட்டார்கள்.

காக் லோங் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றாள். வலையைப் பார்த்துக் கேட்டாள்.

"கேட்டிருந்தா எடுக்க விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

மஸ்துரா அவளை நேராகத் திரும்பிப் பார்த்தாள். இன்னும் ஆறவில்லை, ஆறும் என்றும் அவளுக்குத் தோன்றவில்லை.

"அடுத்த தடவை கேளுங்க காக் லோங். மாட்டேன்னு சொல்ற சந்தோசமாவது எனக்குக் கிடைக்கட்டும்."

சொல்லிவிட்டு, காலியான தட்டுகளை அடுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.